மேற்படி பயணம்

செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் என் அக்கா டைப்பிஸ்டாக இருந்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ் செய்தவள். காலையிலிருந்து மாலை வரை நோட்டீசும் பத்திரமும் அடித்து அடித்து, 'மேற்படி' என்ற சொல் அவள் விரல்களில் ஊறிப்போயிருந்தது. எனக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினால்கூட, 'பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு வைக்கவும், மேற்படி புடவையை நீ கட்டக்கூடாது' என்றுதான் எழுதுவாள். விளையாட்டுக்கா, பழக்கதோஷமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் ஆபீஸ். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை இருபது வருடம் கழித்து யார் எங்கே குடியிருப்பார்கள், எங்கே வேலைக்குப் போவார்கள், எந்த ரோடு நிரம்பும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் இருந்த என் அப்பாவுக்கு இதை எத்தனை முறை விளக்கினாலும் பக்கத்து வீட்டில் போய், சின்னவள் கம்ப்யூட்டரில் ஜோசியம் பார்க்கிறாள் என்றே சொல்வார். எனக்குக் கோபம் வரும். இப்போது யோசித்தால் என்னைவிட ஜோசியக்காரரே தேவலை. அவர் சொன்னது பலிக்கவில்லை என்றால் போய்ச் சண்டை போடலாம்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஏ.சி. அறையில் அது இருந்தது, நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அடுத்த ஆயுத பூஜை வரை அதன் நெற்றியில் காய்ந்துகிடக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு ஓட்டம், அதாவது ஒரு முழுக் கணக்கு, தொடங்கினால் சாயந்திரம்தான் முடியும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

முதல் வேலை வீடு வீடாகப் போய் விசாரிப்பது. அதற்குத் தமிழில் ஒரு படிவம் வேண்டும். எங்கள் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது. எங்கள் சார், அதாவது அந்த நிறுவனத்தை நடத்தியவர், யாராவது டைப்பிஸ்ட் தெரியுமா என்று கேட்டார். அக்கா சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஸ்டென்சிலில் அடித்துக் கொடுத்தாள். 'நேற்று உங்கள் வீட்டிலிருந்து யார் யார் எங்கெங்கே சென்றார்கள்? மேற்படி பயணம் எதற்காக? மேற்படி பயணத்திற்கு எந்த வாகனம்?' கடைசியில் 'ஒத்துழைப்புக்கு நன்றி. இப்படிக்கு,' என்று அடித்து நிறுத்தியிருந்தாள். இப்படிக்கு யார் என்று இல்லை. வக்கீல் கையெழுத்துப் போடுகிற இடம் அது, கை தானாக நின்றுவிட்டிருக்கிறது. சார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். ஸ்டென்சிலைத் திருத்த அவருக்குச் சோம்பல்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருப்போரூர் ரோட்டில் பாதி வழி போய், கிளைச்சாலையில் திரும்பி, முட்புதர்க் காட்டின் ஓரமாக நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊரில். நெல், வேர்க்கடலை போடுகிற குடும்பம். மருமகள் வேலைக்குப் போவது அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் போகாதே என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஏனென்றால் எட்டு பத்துக்கு ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு நேராகச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும் ஒரு பஸ் இருந்தது. சாயந்திரம் அதே பஸ் திரும்பும். அக்கா விடியலில் எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அதில் ஏறுவாள். அந்த பஸ் இருக்கும்வரை அவளுக்கு வேலை இருக்கும். இது அவளுக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும்.

விசாரணைக்குப் பொறுக்கின வீடுகளில் அக்கா வீடும் வந்தது. நானே போய் நிரப்பினேன். எங்கே? செங்கல்பட்டு. எதற்காக? வேலை. எந்த வாகனம்? பேருந்து. அவள் அடித்த படிவத்திலேயே அவள் பதிலை எழுதும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஊரில் மட்டும் செங்கல்பட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, காய் விற்க, கல்லூரிக்கு.

கம்ப்யூட்டரில் போட்ட அந்தக் கணக்கை மாடல் என்போம், அது எப்படி வேலை செய்தது என்று ஒரு பத்தி சொல்லியாக வேண்டும். பகுதி முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு ஸோன் என்போம். அக்காவின் ஊரும் பக்கத்துக் குக்கிராமங்களும் ஒரு ஸோன். பெரிய ஊர் ஆட்களை அதிகமாக இழுக்கும், தூரமான ஊர் குறைவாக இழுக்கும், அவ்வளவுதான் அடிப்படை. அது சொல்கிற எண்ணிக்கை நிஜத்தோடு ஒத்துப்போகாத இடத்தில், இரண்டு ஸோன்களுக்கு நடுவே ஒரு திருத்த எண் போடலாம். அதற்குக் கே ஃபேக்டர் என்று பெயர். ஒன்று என்று போட்டால் மாற்றம் இல்லை. குறைத்துப் போட்டால், ஏதோ காரணத்தால் இந்த ஊர்க்காரர்கள் அந்த ஊருக்கு அவ்வளவாகப் போவதில்லை என்று அர்த்தம். அந்த 'ஏதோ காரணம்' இருபது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று மாடல் எடுத்துக்கொள்ளும்.

நிஜம் என்ன என்று தெரிந்துகொள்ள ரோட்டில் உட்கார்ந்து எண்ண வேண்டும். நாள் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அரசு விடுமுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு, திங்களும் வெள்ளியும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சாதாரணமான ஒரு புதன்கிழமையை எடுத்தேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கல்லூரி மாணவர்களை எல்லா முனைகளிலும் உட்காரவைத்தோம். மாமல்லபுரத்தில் உட்கார்ந்தவன், கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரே டூரிஸ்ட் வேனைப் பாதி நாள் எண்ணிக்கொண்டிருந்தான். உளி சத்தத்தில் தலைவலி வந்துவிட்டது என்று அவனே அப்புறம் ஒப்புக்கொண்டான். அந்தத் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தோம்.

அக்கா ஊர்க் கிளைச்சாலை முனையை நானே எடுத்துக்கொண்டேன். எட்டு இருபதுக்கு அவள் பஸ் அந்த முனையில் திரும்பும்போது கையாட்டலாம் என்று ஆசை. புளியமரத்தடியில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். சைக்கிள்கள் வந்தன, ஒரு பால் வண்டி வந்தது, வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி வந்தது. பஸ் வரவில்லை. எட்டரை, ஒன்பது. பஞ்சர் ஆகியிருக்கும், அக்கா லீவு போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சாயந்திரமும் வரவில்லை. பேருந்து என்ற கட்டத்தில் சுத்தமாக ஒரு கோடுகூட இல்லாத அட்டையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். நான் ரோட்டில் குந்திக்கொண்டு வண்டி எண்ணிய கதை அவள் காதுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. கிண்டல் செய்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்.

"பஸ்ஸே இல்லாத நாளா பாத்து எண்ணிக்கினு இருந்திருக்க. ஆடிப்பூரத்துக்கு ஸ்பெஷல் வுட்டாங்கடி. எங்க பஸ்ஸ தெக்கால இட்டுகினு போயிட்டாங்க. ரெண்டு நாளு நான் வூட்லதான் இருந்தேன்."

ஆடி மாதத்தில் தெற்கே திருவிழாவுக்கு உள்ளூர்த் தடங்களிலிருந்து பஸ்களை எடுத்து சிறப்புப் பேருந்தாக விடுவது வருடா வருடம் நடப்பது. செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். ஆனால் நான் படித்த பெண் அல்லவா, ஆபீஸில் விடுமுறைப் பட்டியலைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை சாரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். மாடலைப் பொருத்தி முடிக்க அந்த வாரம்தான் இருந்தது. சார் வந்ததும் வராததுமாக, நான் எண்ணிய ஸோன் மட்டும் கணக்கோடு ஒட்டவில்லை என்றார். வீட்டு விசாரணைப்படி ஒரு பஸ் நிறைய ஆட்கள் செங்கல்பட்டுக்குப் போகிறார்கள், ரோட்டு எண்ணிக்கைப்படி யாரும் போகவில்லை. ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், ரோடு பொய் சொல்லாது, எண்ணிக்கைக்குச் சரியாக வருகிற மாதிரி கே ஃபேக்டரைக் குறை என்றார். நான் அந்த அறையில் செருப்பில்லாத காலோடு நின்றேன். மறுபடி எண்ண வேண்டும் என்றால் என்னால்தான் தாமதம் என்று ஆகும். நாள் பார்த்தது நான். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சரி சார் என்றேன்.

இப்போதைக்குப் போட்டுவைப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து 0.1 என்று அடித்தேன். மதியம் ஓடவிட்டேன், கரண்ட்கூடப் போகவில்லை. சாயந்திரம் எல்லாம் அழகாகப் பொருந்தி நின்றது.

ஒன்றிலிருந்து விலகிய ஒவ்வொரு எண்ணுக்கும் அறிக்கையில் காரணம் எழுத வேண்டும். ஆடிப்பூரம் என்று எழுத முடியுமா? ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். இப்பகுதி மக்களுக்கு மேற்குத் திசையில், அதாவது செங்கல்பட்டுப் பக்கம், பயணம் செய்யும் பழக்கம் குறைவு, இது சமூக வழக்கம் சார்ந்தது, என்பது அதன் பொருள். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஏதோ ஆராய்ச்சி மாதிரி. என் அக்காவுக்கு மேற்கே போகும் பழக்கம் இல்லையாம். தினமும் எட்டு பத்துக்கு ஓடுகிறவளுக்கு.

பிறகு மாற்றவே இல்லை. வேறு ஸோன்கள், வேறு சண்டைகள். அறிக்கை போனது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, சார் எல்லாருக்கும் திருநெல்வேலி அல்வா கொடுத்தார். வளர்ச்சி எல்லாம் பழைய மகாபலிபுரம் ரோட்டை ஒட்டித்தான் வரும், வடக்கு தெற்காக பஸ்களைக் கூட்ட வேண்டும், தேவை குறைந்த குறுக்குத் தடங்களிலிருந்து எடுத்து அங்கே விடலாம் என்று அறிக்கை சொன்னது. தேவை குறைந்த தடங்களின் பட்டியலில் அக்காவின் பஸ் இருந்தது. அச்சாகி வந்த புத்தகத்தில்தான் அதைக் கவனித்தேன். பட்டியலைக் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்திருந்தது, அதில் என் கை படவில்லை. அறிக்கைகளை யார் படிக்கிறார்கள், அலமாரியில் தூங்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

யாரோ படித்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் பஸ் நின்றுவிட்டது.

அக்கா உடனே வேலையை விட்டுவிடவில்லை. மாமா, அவள் வீட்டுக்காரர், கொஞ்ச நாள் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் மெயின் ரோடு வரை கொண்டுவிட்டார். பிறகு அவர் திருப்போரூரில் மனை விற்கிற ஒருவரோடு சேர்ந்தார், காலையிலேயே வண்டி கிழக்கே போய்விடும். அக்கா நடந்தாள். போகும்போது நாலு, வரும்போது நாலு, இரண்டு பக்கமும் முள். ஐப்பசி மழையில் வரப்பு ஏது ரோடு ஏது என்று தெரியாது. வக்கீல் நல்லவர்தான், ஒரு வார்த்தை சொல்லமாட்டார், ஆனால் கட்சிக்காரர்கள் காத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். வீட்டில் மாமியாருக்கு இத்தனை நாள் கிடைக்காத காரணம் கிடைத்துவிட்டது.

நான் டிப்போவுக்குப் போனேன். அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அறிக்கையின் நகலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி, பென்சிலால் கோடு போட்டிருந்த வரியைக் காட்டினார்.

"நான் இன்னா மேடம் பண்றது? கம்ப்யூட்டர்ல வந்துகீது. இந்த ஜனங்களுக்கு மேற்கால போற பழக்கமே இல்லன்னு படிச்சவங்க எழுதிகீறாங்க."

அதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படியென்றால் தப்பு என்று இன்னொன்று எழுதி, உங்கள் கம்பெனி சீல் போட்டுக் கொண்டுவாருங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் அழுகை வந்தது.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆடிப்பூரம் உட்பட. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு எண் தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்தால் மீதி அத்தனை எண்ணும் சந்தேகத்துக்கு வரும், அறிக்கை இப்போது நம்முடையதும் இல்லை என்றார். நானாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கோப்பு எண்ணோடு பதில் வந்தது. அந்த எண்ணைச் சொல்லி மூன்று வருடம் விசாரித்தேன். அது ஒவ்வொரு முறையும் வேறொரு மேசையில் இருந்தது.

அக்காவிடமும் சொன்னேன். அவள் வேலையை விட்ட வாரம் அது. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் ஒரு நம்பர் போட்டு கவர்மெண்ட் பஸ்ஸை நிறுத்திவிட்டேனாம், அவ்வளவு பெரிய ஆளா நான் என்று கேட்டாள். மறுபடி விளக்கினேன். அவள் ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தட்டிவிட்டு, எழுந்து போய்க் காபி போட்டாள். மன்னிப்புக் கேட்டால் கொடுக்கலாம் கொடுக்காமலும் இருக்கலாம். நான் செய்தேன் என்பதையே நம்பாதவளிடம் எதைக் கேட்பது?

அதற்குப் பிறகு அவளோடு பேசும்போதெல்லாம் அவள் விரல்களைத்தான் பார்ப்பேன். நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே முழங்கால் மேல் அடித்துக்கொண்டிருப்பாள். எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க முயன்று பார்த்திருக்கிறேன், முடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. பழைய மகாபலிபுரம் ரோடு ஓ.எம்.ஆர். ஆனது, கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன, திருப்போரூர் வரை வயலெல்லாம் கொடி நட்ட மனையானது. எங்கள் அறிக்கை சொன்னது சொன்னபடி பலித்தது என்று சார் பெருமைப்பட்டார். நான் அந்த வேலையை விட்டு, சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். அதே பகுதிக்கு மறுபடி ஒரு ஆய்வு எங்களுக்கு வந்தது. அடித்தளமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சி.டி.யில் பழைய மாடலைக் கொடுத்தார்கள்.

இப்போது எல்லாம் கலர் வரைபடம், ஓட்டம் சில நிமிடத்தில் முடியும். கே ஃபேக்டர் கோப்பைத் திறந்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று என்று போய்க்கொண்டே இருந்த வரிசையில் 0.1 உட்கார்ந்திருந்தது. நான் வைத்த இடத்தில், வைத்தபடி. அதை எடுத்துவிட்டு ஒன்று என்று போட்டு ஓடவிட்டேன். அக்கா ஊரிலிருந்து செங்கல்பட்டுக்குத் தடிமனாக ஒரு கோடு விழுந்தது. போகவர வழியுள்ள ஊர் என்பதால் மாடல் அங்கே வீடுகளை வைத்தது, கடைகளை வைத்தது, குறுக்குத் தடத்துக்கு பஸ் வேண்டும் என்றது. சாயந்திரம் வரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடம் அப்படி இருந்திருக்க வேண்டிய ஊர்.

எங்கள் மேலாளர் வந்து பார்த்துவிட்டு, ஒப்புதல் பெற்ற எண்ணைச் சும்மா மாற்ற முடியாது என்றார். புது விசாரணையில் ஆதாரம் வந்தால் மாற்றலாம். சரி, ஆதாரம் கொண்டுவருகிறேன் என்று அந்த ஸோனைச் சண்டை போட்டு விசாரணையில் சேர்த்தேன். நாள் பார்க்கும் வேலையை இந்த முறையும் நானே கேட்டு வாங்கினேன். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடி இல்லை, கிருத்திகை இல்லை, முகூர்த்தம் இல்லை, அந்தப் பக்கத்துக் கோயில் எதிலும் திருவிழா இல்லை. டிப்போவுக்கு ஃபோன் செய்து ஸ்பெஷல் எதுவும் விடவில்லையே என்று மூன்று முறை கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மேடத்துக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அக்கா வீடு பட்டியலில் வந்தது. இந்த முறை நான் நிரப்பவில்லை, ஒழுங்காக நடக்கட்டும் என்று பொத்தேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அனுப்பி, நான் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தப் பெண் படிவத்தைப் பார்த்துப் படித்தாள்.

"நேற்று உங்கள் வீட்டிலிருந்து யார் யார் எங்கெங்கே சென்றார்கள்? மேற்படி பயணம் எதற்காக?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். படிவத்தைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் எழுத்தில், வழவழப்பான தாளில், அவள் அடித்த அதே வரிகள். பழையதை அப்படியே பார்த்து அடித்திருக்கிறார்கள். கடைசியில் 'இப்படிக்கு,' என்று நின்றதுகூட நின்றபடி இருந்தது. அத்தனை வருடத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை.

மாமா திருப்போரூர் போனார், வேலை, இரு சக்கர வாகனம் என்றாள். பையன் கேளம்பாக்கம், படிப்பு, கல்லூரி பஸ். நீங்க, என்று அந்தப் பெண் கேட்டாள். எங்கேயும் போகவில்லை என்றாள் அக்கா. போன வாரம், போன மாதம் என்று நான் நடுவில் புகுந்தேன். நேற்று மட்டும்தான் மேடம் கேட்கணும் என்றாள் அந்தப் பெண், நான் சொல்லிக்கொடுத்தபடி. செங்கல்பட்டுக்குப் போவதுண்டா என்றாவது கேள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பஸ் இல்லாத ஊருக்கு போனேன்னு பொய்யா எழுதச் சொல்ற? வுடுடி. போவணும்னு இருந்துச்சான்னு ஒரு கேள்வி நானே சேத்து அடிச்சிருக்கலாம். அப்ப எனக்கு தோணல."

அவள் பங்குக்கு அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டாள். என் தப்பை நம்பாதவள். இல்லை, நான்தான் செய்தேன் என்று மறுபடி என்னைச் சொல்லவைக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாளோ என்னவோ. அந்தப் பெண் அக்காவின் பெயருக்கு எதிரே பயணம் இல்லை என்று கோடு இழுத்துவிட்டு, படிவத்தில் இருந்தபடி ஒத்துழைப்புக்கு நன்றி என்றாள். பக்கத்து வீடுகளிலும் ஏறக்குறைய அதே பதில்தான். காய்கறி கிழக்கே போனது, பிள்ளைகள் கிழக்கே போனார்கள். கிளைச்சாலை முனையில் எண்ணியவனுக்கும் அந்தப் புதன்கிழமை மேற்கே போகிற ஆள் அதிகம் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பழைய மாடல் சொன்னதையும் புது விசாரணை சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஸோனும் ஒரு புள்ளி. மாடல் சரியாகச் சொல்லியிருந்தால் புள்ளி சாய்கோட்டின் மேல் விழும். மாமல்லபுரம் கோட்டுக்கு மேலே எங்கோ போய்விட்டிருந்தது, ஓ.எம்.ஆர். ஸோன்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக்கிடந்தன. எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த பையன், பழைய அறிக்கையைக் கரைத்துக் குடித்தவன், அடிமூலையில் ஒரு புள்ளியைக் காட்டினான். அக்கா ஊரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிறவர்களின் கணக்கு. கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"இது ஒண்ணுதான் மேடம் கரெக்டா வந்திருக்கு. மேற்கே போற பழக்கம் இல்லைன்னு அப்பவே எழுதியிருக்காங்க பாருங்க. யாரோ நல்லா ஸ்டடி பண்ணியிருக்காங்க."

0.1 அப்படியே இருக்கலாம் என்பதற்கான தாள் அது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.